தொழில் என்ற கட்டம்

மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான்
அந்தப் புத்தகத்தைத் திறந்தார் கோயில் கணக்கர்.
ராயபுரத்தில் மே மாதம்.
வியர்வை பக்கத்தில் சொட்டாமல்
கழுத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டு படித்தோம்,
எண்ணூரிலிருந்து வந்த அண்ணன் பெர்க்மான்சும் நானும்.

தேடியது ஒரு பெயர்: இஞ்ஞாசிமுத்து,
அப்பாவின் அப்பாவுக்கு அப்பா.
அண்ணனுக்கு ஒரு மனைக்கட்டின் மேல் சந்தேகம்.
எனக்கு அன்று வார விடுமுறை, அவ்வளவுதான்.

ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று நாலு.
பிள்ளைக்கு ஞானஸ்நானம். தகப்பன் தொழில்:
தண்டல்.

தொடையில் தட்டினான் அண்ணன்.
"வட்டிக்கு வுட்டுருக்காரு! அப்ப சொத்து இருந்துருக்கும்ல?"

எனக்கு வயிறு புரண்டது.
தண்டல் என்றால் நான் அறிந்தது
சாயங்காலம் அஞ்சரைக்கு வாசலில் உறுமும் பைக்,
ரப்பர் பேண்டு போட்ட குட்டி நோட்டு.
பத்தாயிரம் கேட்டால் எட்டாயிரத்து ஐந்நூறு கைக்கு வரும்,
நூறு நாளைக்கு நூறு நூறாய்த் திரும்பும்.
ஒரு நாள் தவறினால் தெரு முழுக்கக் கேட்கும்.
அம்மாவின் ஆபரேஷனை
அப்படித்தான் கட்டி முடித்தேன்.

நாலு வருஷம் தள்ளி இன்னொரு பிள்ளை.
வேறு கை, வேறு மை:
ச. தண்டல்.

ச என்றால் சர்க்காரா, சந்தையா?
"சவுக்கார்பேட்டை" என்றான் அண்ணன், விடாமல்.
அதே வரியில் ஞானத்தகப்பன் பெயருக்கு நேரே மட்டும்
சோம்பல் வருமுன் முழுசாய் எழுதியிருந்தான் அந்த எழுத்தன்:
சலங்கில் துடுப்பு.

கைபேசியில் பழைய அகராதி ஒன்றைப் புரட்டினேன்.
தண்டல்: வசூல். அதற்குக் கீழே,
படகின் தலைவன்.
ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த சலங்கு.
கப்பல் தூரத்தில் நிற்க, இடையில் மூன்று அலைவரிசை.
பின்னால் நின்றுகொண்டு
எதில் ஏறுவது, எதை விடுவது என்று
கத்துகிறவனுக்கு அந்தப் பெயர்.

மனைக்கட்டு அலையோடு போயிற்று.
கொஞ்ச நேரம் அண்ணன் ஒன்றும் பேசவில்லை.

அடக்கப் புத்தகம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று.
இஞ்ஞாசிமுத்து, வயது ஐம்பத்திரண்டு.
தொழில்: சுகஜீவனம்.

"பாத்தியா! வேலையே செய்யாம சாப்ட்ருக்காரு!"
பத்திரங்களில் மிராசுகளுக்குப் போடுகிற சொல்தான்.
ஆனால் ஓரத்தில் குழிக் கட்டணம்: தருமம்.
கப்பல்கள் மேடைக்கே வந்து ஒட்டிக்கொண்ட வருஷங்கள் அவை.
அலையைப் பார்த்துச் சொல்ல யாரும் தேவைப்படவில்லை.

எஞ்சியவர்: மனைவி சலேத்தம்மாள்.
அவள் தொழிலுக்கு ஒரு கோடு.
அந்தப் பக்கத்திலேயே நீளமான கோடு,
கட்டம் தாண்டி, ஓரம்வரை.
சுகஜீவனத்துக்கு உலை வைத்தது
அந்தக் கோடாகத்தான் இருக்கும்.

போன ஜூனில் மகளைப் பள்ளியில் சேர்க்கையில்
தாயின் தொழில் என்ன என்றார்கள்.
டேலி என்றேன்.
கன்டெய்னர் யார்டில் வெயிலில் நின்று
பெட்டி நம்பர், சீல் நம்பர், எங்கே நெளிசல்
என்று குறிக்கிற வேலை.
நிமிராமல் தட்டினாள் அந்தப் பெண்: கணக்காளர்.
கம்ப்யூட்டரில் போடும் டேலி என்று நினைத்துவிட்டாள்.
திருத்தியிருக்கலாம்.
பின்னால் வரிசை நின்றது, ஏசி நன்றாக இருந்தது,
மகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
கையெழுத்துப் போட்டேன்.

குழியருகே எழுத்தன் கேட்டிருப்பான், என்ன பண்ணினார் என்று.
"ஊட்லதான் சாமி இருந்தாரு" என்றிருப்பாள் சலேத்தம்மாள்.
அவன் எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினானா,
காட்டியும் அவள் பேசாமல் இருந்தாளா,
அதற்குக் கட்டம் இல்லை.

ஜெராக்ஸ் பக்கத்துக்கு இருபது ரூபாய்.
"படகெல்லாம் வேணாம், சுகஜீவனம் மட்டும் போதும்"
என்றான் அண்ணன்.
சரி என்றேன்.
கோடும் அதே பக்கத்தில்தான் இருந்தது.